46 பிள்ளைகள், 5 பெரியவர்கள்: பொறுப்பு யாருடையது?

கோலாலம்பூரில் உள்ள ஓர் ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சமய வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரையும் ஆலயத்தின் அடையாளத்தையும் நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அந்த வகுப்பில் 7 முதல் 15 வயது வரையிலான 46 பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களில் 18 பேர் பத்து வயதுக்கும் குறைந்தவர்கள். கடந்த ஆண்டுப் பள்ளி விடுமுறையில், ஆசிரியையும் தொண்டர்கள் நால்வரும் சேர்ந்து பிள்ளைகளை எல்ஆர்டி இரயிலில் கேஎல்சிசியில் உள்ள பெட்ரோசயின்ஸ் அறிவியல் கூடத்துக்கு அழைத்துச் சென்றனர். மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் இரயில் மாறும்போது எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் நடைமேடையிலேயே நின்றுவிட்டான். கேஎல்சிசியில் இறங்கி மேலே ஏறிய பிறகே அது தெரிய வந்தது. நிலையப் பணியாளர் ஒருவர் அவனைத் தம்மோடு உட்கார வைத்திருந்ததால், 25 நிமிடங்களுக்குள் அவன் பத்திரமாகக் கிடைத்துவிட்டான். ஆனால் அவனுடைய தந்தை போலீசில் புகார் செய்யப் போவதாகச் சொன்னார். ஆலய நிர்வாகம் அவரிடம் எதுவும் பேச வேண்டாம் என்று ஆசிரியையைத் தடுத்துவிட்டது.

இந்த ஆண்டு காலையில் தேசிய மிருகக்காட்சிசாலைக்கும், மதியம் கஞ்சிங் நீர்வீழ்ச்சிக்கும் போவதாகத் திட்டம். “எது நடந்தாலும் ஆலயம் பொறுப்பல்ல” என்ற படிவத்தில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம், நிர்வாக உறுப்பினர் ஒருவரின் பள்ளி வேனையும் தொண்டர்களின் சொந்தக் கார்களையும் பயன்படுத்தலாம், ஆட்டிசம் உள்ள ஒரு மாணவனை மட்டும் இம்முறை விட்டுவிடலாம் என்பவை நிர்வாகம் சொல்லும் யோசனைகள். “எனக்குச் சம்பளமும் இல்லை, அலவன்ஸும் இல்லை. இருந்தும் சட்டம் என்னைப் பிடிக்குமா? இனிமேல் பிள்ளைகளை எங்கும் அழைத்துப் போகாமல் இருந்துவிடுவதுதான் நல்லதா?” என்று ஆசிரியை கேட்கிறார்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அழைத்துச் செல்லுங்கள். உங்கள் வகுப்பில் உள்ள பல பிள்ளைகளின் பெற்றோர் சனி, ஞாயிறுகளிலும் வேலைக்குப் போகிறவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒருநாள் கிடைக்கும் உலாவை ஒருமுறை நேர்ந்த தவறுக்காகப் பறித்துவிடுவது நியாயமல்ல. ஆனால் சென்ற ஆண்டு அழைத்துச் சென்ற விதத்தில் இந்த ஆண்டு அழைத்துச் செல்லக் கூடாது. இதை அறிவுரையாக மட்டும் சொல்லவில்லை. சட்டத்தின் பார்வையிலும் உங்கள் நிலை கடந்த ஆண்டுக்குப் பிறகு மாறியிருக்கிறது.

சட்டம் உங்களிடம் எதிர்பார்ப்பது

சம்பளம் வாங்காத தொண்டருக்குச் சட்டப் பொறுப்பு இல்லை என்று நீங்கள் நினைத்திருப்பதாகத் தெரிகிறது. அது சரியல்ல. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பொறுப்பேற்ற கணத்திலிருந்து, கவனமுள்ள ஒரு பெற்றோர் எந்த அளவுக்குப் பார்த்துக்கொள்வாரோ அந்த அளவுக்குப் பார்த்துக்கொள்ளும் கடமை உங்களுக்கு வந்துவிடுகிறது. ஆலயத்தின் பெயரில் நடக்கும் உலா என்பதால் நிர்வாகத்துக்கும் அதில் பங்குண்டு. “அது டீச்சர் பார்த்துக்கொண்ட வேலை” என்று அவர்கள் ஒதுங்கிவிட முடியாது. அதேநேரத்தில், பிள்ளைக்கு எந்தத் தீங்கும் நேராது என்று உத்தரவாதம் தரும்படி சட்டம் யாரையும் கேட்பதில்லை. எதிர்பார்க்கக்கூடிய ஆபத்துக்கு எதிராக நியாயமான ஏற்பாட்டைச் செய்தீர்களா என்பதைத்தான் அது கேட்கிறது.

இந்த வேறுபாட்டை நம் நாட்டின் இரண்டு பழைய தீர்ப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன. முதலாவது வழக்கில், வகுப்பறையில் ஆசிரியர் இருக்கும்போதே ஒரு மாணவன் இன்னொருவனைக் குண்டூசியால் குத்த, குத்துப்பட்டவன் திடுக்கிட்டுத் திரும்பியபோது பென்சில் முனை அவன் கண்ணில் பட்டுவிட்டது. யாரும் முன்கூட்டி ஊகித்திருக்க முடியாத ஒன்று என்பதால், 1977ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் பள்ளித் தரப்பைப் பொறுப்பாக்கவில்லை. இரண்டாவது வழக்கில், தோட்ட வேலை வகுப்பில் ஒரு மாணவனின் மண்வெட்டி பட்டு இன்னொரு மாணவன் காயமடைந்தான். கையில் மண்வெட்டியோடு பிள்ளைகள் நெருங்கி நின்றால் என்ன நடக்கும் என்பது யாருக்கும் தெரியக்கூடியது. போதிய மேற்பார்வையும் எச்சரிக்கையும் இல்லை என்று கண்ட அதே நீதிமன்றம், 1981இல் ஆசிரியர் தரப்பைப் பொறுப்பாக்கியது.

உங்கள் நிலையை இந்த இரண்டோடும் வைத்துப் பாருங்கள். இரயில் மாறும் இடத்தில் ஒரு பிள்ளை பின்தங்கிவிடும் என்பது சென்ற ஆண்டே ஊகித்திருக்க வேண்டியதுதான் என்று வாதாட இடமிருக்கிறது. இந்த ஆண்டோ வாதத்துக்கே இடமில்லை. ஒருமுறை நடந்துவிட்டது; உங்களுக்கும் நிர்வாகத்துக்கும் தெரியும். அதன் பிறகும் அதே ஐந்து பேர், அதே 46 பிள்ளைகள், அதே முறை என்று கிளம்பினால், எந்த வழக்கறிஞராலும் உங்களுக்காக எளிதில் பேச முடியாது.

போலீஸ் புகாரைப் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33ஆம் பிரிவு, நியாயமான மேற்பார்வைக்கு ஏற்பாடு செய்யாமல் சிறாரை விட்டுச் செல்வதைக் குற்றமாக்குகிறது. இது பெற்றோருக்கு மட்டுமல்லாமல் அந்த நேரத்தில் பிள்ளையின் பராமரிப்பை ஏற்றிருப்பவருக்கும் பொருந்தும். 2016இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு இதற்கு 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் உங்களோடு வந்துகொண்டிருந்த பிள்ளை கூட்டத்தில் பிரிந்துபோனதும், தெரிந்த உடனே நீங்கள் திரும்பி ஓடித் தேடியதும், ஒருவர் பிள்ளையை விட்டுச் சென்றதற்குச் சமமாகாது. கடிதத்தில் உள்ளபடியே எல்லாம் நடந்திருந்தால், சென்ற ஆண்டுச் சம்பவத்துக்காக நீங்கள் குற்றவியல் நீதிமன்றத்தில் நிற்க நேரும் என்று நான் கருதவில்லை.

கையெழுத்துப் படிவம் காப்பாற்றாது

“எது நடந்தாலும் பொறுப்பல்ல” என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் கவலையில்லை என்பது நம் சங்கங்களிலும் ஆலயங்களிலும் ஆழமாக வேரூன்றிவிட்ட நம்பிக்கை. ஒருவர் தம் உரிமையை நீதிமன்றத்தில் கேட்கவே முடியாதபடி முழுமையாகத் தடுக்கும் ஒப்பந்த வாசகம், அந்த அளவுக்குச் செல்லாது என்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு கூறுகிறது. வங்கியின் வீட்டுக்கடன் தொடர்பான ஒரு வழக்கில் 2018இல் கூட்டரசு நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதற்கும் மேலாக, காயம்படுவது பிள்ளை. இழப்பீடு கேட்கும் உரிமையும் பிள்ளையுடையது. அப்பா போட்ட கையெழுத்து பிள்ளையின் உரிமையை அழித்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்த பிறகுதான் வழக்குத் தொடர்வதற்கான ஆறாண்டுக் கெடுவே ஓடத் தொடங்குகிறது.

ஆகவே படிவம் வாங்குங்கள். ஆனால் வேறு காரணத்துக்காக. எங்கே போகிறோம், எதில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், உங்கள் பிள்ளைக்குப் பொறுப்பான பெரியவர் யார் என்பவற்றைப் பெற்றோருக்கு அது சொல்ல வேண்டும். பிள்ளைக்கு ஆஸ்துமா உண்டா, எந்த உணவு ஒத்துக்கொள்ளாது, நீந்தத் தெரியுமா, அவசரத்தில் எந்த எண்ணில் அழைக்கலாம் என்பவற்றைப் பெற்றோர் அதில் எழுத வேண்டும். இப்படிப்பட்ட படிவம் பெற்றோர் உண்மை அறிந்து சம்மதித்தார்கள் என்பதற்கும், நீங்கள் முன்யோசனையோடு நடந்தீர்கள் என்பதற்கும் சான்றாகும். நிர்வாகம் நீட்டும் ஒருவரிப் படிவமோ, நீங்கள் ஆபத்தை அறிந்திருந்தீர்கள் என்பதற்கு மட்டுமே சான்றாகக்கூடும்.

பிள்ளைக்கு ஒரு பெரியவர்

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி இது: “நாங்கள் ஐந்து பேருமே எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.” அந்தச் சிறுவன் பிரிந்துபோனதற்குக் காரணம் இந்த வரியிலேயே இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் அத்தையும் சித்தப்பாவும் பாட்டியுமாக நூறு பேர் இருந்தும் குழந்தை வாசலுக்குப் போய்விடுவது எப்படி? குழந்தை இன்னொருவரிடம் இருப்பதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வதால்தான். எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டில், குறிப்பிட்ட ஒரு பிள்ளை இல்லையே என்று கவனிக்க வேண்டிய குறிப்பிட்ட ஆள் யாரும் இருப்பதில்லை.

எனவே முதல் வேலையாக, 46 பெயர்களையும் பிரித்து ஒவ்வொரு பெரியவரின் பெயருக்குக் கீழே எழுதுங்கள். இத்தகைய உலாவுக்கு நான் பரிந்துரைப்பது, பத்து வயதுக்குக் குறைந்தவர்களில் ஆறு பேருக்கு ஒருவர், பெரிய பிள்ளைகளில் ஒன்பது அல்லது பத்துப் பேருக்கு ஒருவர். குழந்தைப் பராமரிப்பு மையங்களுக்கான விதியில், மூன்றிலிருந்து நான்கு வயதுள்ளவர்களில் பத்துப் பேருக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும். அது நான்கு சுவருக்குள், பூட்டிய கதவுக்குப் பின்னால். நீங்களோ ஏழு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்து ஏறத்தாழ ஒன்பது பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் நகரத்தின் நெரிசலான நிலையங்களில் ஒன்றைக் கடந்திருக்கிறீர்கள். என் கணக்குப்படி உங்களுக்குக் குழுத் தலைவர்கள் ஆறு பேரும், எந்தக் குழுவும் இல்லாத இருவரும் வேண்டும். அந்த இருவரை வீண் என்று நிர்வாகம் சொல்லும், விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தாலோ வழி தவறினாலோ, மற்றக் குழுக்கள் கலையாமல் ஓடக்கூடியவர்கள் அவர்கள்தான். பதினைந்து, பதினாறு வயது அக்காமார்களும் அண்ணன்மார்களும் உதவிக்கு வரட்டும். ஆனால் அவர்களைப் பெரியவர்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். 18 வயது நிறையாதவரைச் சட்டம் சிறார் என்றே பார்க்கிறது.

பெற்றோரிலிருந்து புதிய தொண்டர்களைச் சேர்க்கும்போது, பிள்ளைகளோடு தனியாக இருக்கப் போகிறவர்கள் யார் என்று விசாரிப்பதைக் கௌரவக் குறைவாக யாரும் கருத வேண்டியதில்லை. சிறாருக்கு எதிரான குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்களின் பதிவேடு ஒன்றைச் சமூகநல இலாகா வைத்திருக்கிறது. ஆலய நிர்வாகம் விண்ணப்பித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். கழிவறைக்கு எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையை மட்டும் தனியே அழைத்துச் செல்ல வேண்டாம். மூவராக அனுப்பிவிட்டுப் பெரியவர் வெளியே நிற்கட்டும்.

எண்ணும் முறையையும் மாற்றுங்கள். “எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டால், இல்லாத பிள்ளையைத் தவிர மற்ற அனைவரும் “வந்தாச்சு!” என்றுதான் கத்துவார்கள். குழுத் தலைவர் தம் ஆறு பேரின் முகத்தையும் பார்த்துப் பெயரால் சரிபார்த்து, “என் குழு சரி” என்று உங்களிடம் சொல்ல வேண்டும். ஆறு பேரைச் சரிபார்க்கச் சில நொடிகள் போதும். ஏறுமுன், அமர்ந்தபின், இறங்கியபின், கழிவறையை விட்டுக் கிளம்பும்போது, சாப்பிட்டு எழும்போது என்று இடம் மாறும் ஒவ்வொரு கட்டத்திலும் இது நடக்க வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இடைவேளைகளில்தான் தவறுகிறார்கள். சென்ற ஆண்டு நீங்கள் மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கியதும் எண்ணினீர்கள். அடுத்து எண்ணியது கேஎல்சிசியில்.

மறுபடி இரயிலில் போக நேர்ந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். கேஎல்சிசிக்குச் செல்லும் கிளானா ஜெயா தடத்தின் இரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் தானியங்கி முறையில் ஓடுபவை. கதவோரத்தில் தவிக்கும் பிள்ளையைப் பார்த்துக் காத்திருக்க அங்கே ஓட்டுநர் கிடையாது. ஒவ்வொரு குழுவும் தனிக் கதவில் ஏறட்டும். பிள்ளைகள் முன்னேயும் குழுத் தலைவர் கடைசியிலுமாக ஏறட்டும். கதவு மூடிக்கொண்டால் உள்ளே இருப்பவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்பார்கள், வெளியே இருப்பவர் இருந்த இடத்தை விட்டு அசையமாட்டார் என்பதைப் பிள்ளைகளுக்கு முந்தைய ஞாயிறே நடித்துக் காட்டிப் பழக்குங்கள். உங்கள் மாணவன் நின்ற இடத்திலேயே நின்றதுதான் அன்று எல்லாரையும் காப்பாற்றியது. மணிக்கட்டுப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதுங்கள்; பிள்ளையின் பெயரை வெளியே தெரியும்படி எழுதாதீர்கள். பெயர் சொல்லி அழைக்கும் அந்நியரைப் பிள்ளைகள் எளிதில் நம்பிவிடுவார்கள்.

பிள்ளை காணவில்லை என்றால் 24 மணி நேரம் கழித்துத்தான் போலீஸ் புகாரை ஏற்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு விதியே இல்லை. அந்த இடத்தின் பணியாளரிடம் உடனே சொல்லுங்கள். வாசல்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். சுற்றித் தேடியும் சில நிமிடங்களில் கிடைக்கவில்லை என்றால் 999ஐ அழையுங்கள், பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் காணாமல் போனால் தகவலை விரைந்து பரப்புவதற்கென்றே ‘நூர் எச்சரிக்கை’ என்ற ஏற்பாடு 2011 முதல் இருக்கிறது. பெற்றோருக்குத் தெரிந்தால் சத்தம் போடுவார்களே என்று தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிள்ளைக்கு எதிரானது.

வேனும் நீர்வீழ்ச்சியும்

பள்ளி வேன் பள்ளிப் பயணத்துக்காக உரிமம் பெற்றது. அந்த உரிமம் இந்த உலாவையும் உள்ளடக்குகிறதா, ஓட்டுபவரிடம் செல்லுபடியாகும் பிஎஸ்வி (பொதுச் சேவை வாகனம் ஓட்டும்) உரிமம் இருக்கிறதா என்பதைக் காகிதத்தில் பார்க்காமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். நிர்வாக உறுப்பினரின் வேன் என்பதால் கேட்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் உரிமத்துக்கு மாறான பயணத்தில் விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுக்க வழி பிறக்கிறது. சொந்தக் கார்களிலும் இதே சிக்கல் உண்டு. நம் நாட்டில் கார்களுக்கு எடுக்கும் காப்புறுதியில், பயணிகளுக்கு ஏற்படும் காயத்துக்கான சட்டப் பொறுப்பு தானாக அடங்குவதில்லை. தனியாகக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். பலருக்கு இது தெரியாது. என் கருத்தில், முறையான உரிமமுள்ள சுற்றுலாப் பேருந்து ஒன்றை அமர்த்துவதே சரி. 2025 ஜூன் மாதம் கெரிக் அருகே பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேரைப் பறித்த பேருந்து விபத்துக்குப் பிறகு இதில் சிக்கனம் பார்க்க யாருக்கும் மனம் வராது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் சுற்றுலாப் பேருந்துகளில் இருக்கைப் பட்டை கட்டாயமாகியிருக்கிறது. பட்டை உள்ள வண்டியாகக் கேட்டு வாங்குங்கள். ஒருநாளுக்கான குழு விபத்துக் காப்புறுதியும் எடுத்துவிடுங்கள்.

நீர்வீழ்ச்சியைத் திட்டத்திலிருந்து நீக்குங்கள். மலையில் மேலே மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே நீர் திடீரென்று பெருகி வரும். கெப்பாலா ஆயிர் என்று மலாய்க்காரர்கள் அஞ்சும் அந்தப் பெருக்கு, நீர் கலங்குவதையும் இலை தழை மிதந்து வருவதையும் கவனித்துக் கரையேறச் சில நிமிடங்களே தரும். ஐந்தாறு பேர் உள்ள குடும்பம் கரையேறிவிடலாம். நீந்தத் தெரியாத பிள்ளைகள் கலந்த 46 பேரைச் சில நிமிடங்களில் பாறைகளுக்கிடையிலிருந்து மேலேற்ற முடியாது. மதிய நேரத்து மழை நம் ஊருக்குப் புதிதல்ல என்பதால், இதை எதிர்பாராத ஆபத்து என்று நீதிமன்றத்தில் யாரும் சொல்லவும் முடியாது.

மிருகக்காட்சிசாலை மட்டுமே போதும். அதுவே 110 ஏக்கர் நிலம். முன்கூட்டி ஒருமுறை நீங்கள் போய்ச் சுற்றிப் பார்த்து, கூடும் இடத்தையும் கழிவறைகளையும் நிழலுள்ள இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். புகைமூட்டக் காலமாக இருந்தால், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டும் நாளில் பள்ளிகளே வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்துகின்றன, நீங்களும் தள்ளிவையுங்கள்.

ஆட்டிசம் உள்ள மாணவனை விட்டுச் செல்லாதீர்கள். பொழுதுபோக்கிலும் ஓய்விலும் மற்றவர்களுக்கு இணையாகப் பங்குகொள்ளும் உரிமையை 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அவனுக்கு அங்கீகரிக்கிறது. ஆண்டு முழுவதும் உங்களோடு தேவாரம் பாடும் பிள்ளை, உலா நாளில் மட்டும் வீட்டில் உட்கார வேண்டும் என்பதை அவன் தாயிடம் எப்படிச் சொல்வீர்கள்? அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தச் சத்தம் அவனுக்குத் தாங்காது, எது அவனை அமைதிப்படுத்தும் என்று கேளுங்கள். அவரையோ அவன் பழகிய ஒருவரையோ அவனுக்கென்று உடன் வரச் சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு பிரிந்துபோன சிறுவனின் தந்தையையும் நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். பேசினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நிர்வாகம் பயப்படுகிறது. எழுத்தில் இழப்பீடு ஒப்புக்கொள்வது வேறு. நடந்ததை நடந்தபடி சொல்லி, வருந்துகிறேன் என்பது வேறு. பேச ஆளில்லாதபோதுதான் பல பெற்றோர் வழக்கறிஞரைத் தேடி வருகிறார்கள். அதற்கு முன், அன்று நடந்ததை நேர வரிசையில் இப்போதே எழுதி, தேதியிட்டு, ஐந்து பேரும் கையெழுத்திட்டு வையுங்கள்.

எட்டுப் பெரியவர்கள் கிடைக்கமாட்டார்கள் என்று நிர்வாகம் சொன்னால், உலாவை இரண்டு ஞாயிறுகளாகப் பிரித்துவிடுங்கள். ஒருமுறைக்கு 23 பிள்ளைகள். அவர்களில் சிறியவர்கள் ஒன்பது பேருக்கு இருவர், பெரிய பிள்ளைகள் பதினான்கு பேருக்கு இருவர், குழு இல்லாமல் நீங்கள் ஒருவர். இப்போது உங்களிடம் இருக்கும் ஐந்து பேரே அதற்குப் போதும்.